எந்தப் பட்டியலிலும் இல்லாத பிள்ளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எழுத வராது என்பது ஒரு பக்கம். அம்மாவும் பெரியம்மாவும் இன்றைக்கும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஆறிப்போனதைக் கிளறிவிடுவேனோ என்ற பயம் இன்னொரு பக்கம். போன கிருத்திகைக்குத் திருப்போரூரில் சன்னிதி முன்னால் நின்றபோது, எழுது என்று முருகனே சொன்ன மாதிரி மனசுக்குப் பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மாமல்லபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். பெரியப்பாவுக்கு முட்டுக்காடு பக்கம் ஒரு ஓட்டலில் வாட்ச்மேன் வேலை. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகவில்லை; அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்க தினமும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவார். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே குழந்தை நான். எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. அம்மா எண்ணெய் தேய்த்து வளர்த்தாள், பெரியம்மா பூ வைத்து அழகு பார்த்தாள்.

மூன்றாவது படிக்கும்போது எனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பெரியம்மா யாரிடமும் சொல்லாமல், பிள்ளை பிழைத்து வந்தால் அவளுக்கு மொட்டை போடுகிறேன் என்று திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"இன்னாக்கா நீ? எம் பொண்ணு முடிய என்னக் கேக்காம நேந்துகினு வந்து நிக்கிற?"

"புள்ள கண்ணத் தொறக்காம கெடந்துச்சு. அப்ப உன்னக் கேட்டுகினு இருப்பாங்களாடி?"

"பெத்தவ நான் ஒருத்தி கீறேன் இல்ல?"

பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் வீட்டில் அடுப்பு இரண்டானது. அப்பா திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்கு வீடு பார்க்கத் தொடங்கினார். பெரியம்மா பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். வீடு மாறினால் நான் யார் பக்கத்தில் படுப்பது என்று ஒருவரும் பேசவில்லை.

அப்போதுதான் சித்தப்பா குறுக்கே வந்தார். "இம்மாம் பெரிய தேசத்துல இத்தினி மாநிலம் ஒண்ணாக் குடித்தனம் பண்ணிகினு கீது. ஒரு வூட்டுல ரெண்டு அடுப்பு இருக்க முடியாதாண்ணே? ஒரு மாசம் டைம் குடு" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் படித்த அரசியல் சட்டத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்.

எனக்குக் கடற்கரையில் வைத்து விளக்கினார். "அதோ லைட் ஹவுஸ், அது மத்திய அரசு. அதுக்குக் கீழ மீன் புடிக்கிறாங்க பாரு, அது மாநிலம். கல்லுக் கோயில் மத்தி. கோயில் வாசல்ல நிக்கிற போலீசு மாநிலம். நீ படிக்கிற படிப்பு ரெண்டு பேருக்கும் பொது."

"ரெண்டு பேரும் சண்ட போட்டா?"

"பொதுவுல இருக்கிறதுக்குச் சண்ட வந்தா மத்தி சொல்றதுதான் நிக்கும். எதுலயும் எழுதாம வுட்டது எதுனா இருந்தா, அதுவும் மத்திக்குத்தான்."

வீட்டுக்கும் அப்படியே மூன்று பட்டியல் எழுதி டீவிக்கு மேலே ஒட்டினார். கரண்ட் பில், வாசல் கதவு, விருந்தாளி, குலதெய்வப் பொங்கல் எல்லாம் மொத்த வீட்டுக்கு. அதற்குத் தலைவர் பெரியப்பா. என்ன சமைப்பது, எப்போது சமைப்பது, அவரவர் பீரோ, இவை அந்தந்த அடுப்புக்கு. டீவி, துணிக்கொடி, தண்ணீர் மோட்டார் பொது. தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டுமே, அதைச் சித்தப்பா தானே ஏற்றுக்கொண்டார். இரண்டு தடவை பரீட்சையில் தவறியவர் ஆயிற்றே என்று யாரும் கேட்கவில்லை.

முதல் வழக்கு வெள்ளிக்கிழமையே வந்தது. பெரியம்மா விரதம். அம்மா வஞ்சிர மீனை வறுத்தாள்.

"சமையல் என் பட்டியல்ல கீது, படிச்சிப் பாரு" என்றாள் அம்மா.

"மீனு உன்னுதுதான். நாத்தம் என் அடுப்புக்கு வருதே, அது யாருது?" என்றாள் பெரியம்மா.

சித்தப்பா மூன்று பட்டியலையும் விரல் வைத்துப் படித்தார். மீன் வாசனை எதிலும் இல்லை. எழுதாதது மொத்த வீட்டுக்கு என்று தீர்ப்பாகி, வழக்கு பெரியப்பாவிடம் போனது. அவர் வறுத்த துண்டைப் பார்த்து, பெரியம்மாவைப் பார்த்து, "வெள்ளிக்கெழம மட்டும் வோணாம்மா" என்றார். "சனிக்கெழம எனக்கும் ரெண்டு துண்டு எடுத்து வை" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று எல்லாரும் போன பிறகு நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பட்டியலில் என்னைத் தேடினேன். துணிக்கொடி இருந்தது, மோட்டார் இருந்தது. நான் இல்லை. நானும் மீன் நாற்றமும்தான் எழுதாமல் விட்டவை என்று புரிந்ததும் ஸ்டூல் மேலேயே நின்று அழுதேன். சத்தம் கேட்டுச் சித்தப்பா வந்தார். "சித்தப்பா, நான் யாருக்குமே வேணாமா?" என்றேன். அவர் என்னைத் தூக்கி இறக்கினார். பதில் சொல்லவில்லை. எதற்கும் சட்டம் சொல்கிறவர் வாயை மூடிக்கொண்டது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் கிருத்திகை. காலையில் பெரியம்மாவைக் காணவில்லை. உச்சி வெயிலில் பஸ் இறங்கி வந்தாள். தலையில் முக்காடு. வாசலில் செருப்பை விடும்போது முக்காடு நழுவியது. வழித்த தலை, அது நிறையச் சந்தனம்.

பெரியப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிட்டார். அம்மா கையில் கரண்டியோடு நின்றாள்.

"இன்னாக்கா... இப்டிப் பண்ணிகினு வந்துட்ட?"

"புள்ள முடி மேல எனக்கு அதிகாரம் இல்ல. என் தல மேல கீது இல்ல?"

"சாமி ஏத்துக்குமா?"

"கேட்டுட்டுத்தான் ஒக்காந்தேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கிட்டே போய், நெற்றியில் வியர்வையோடு வழிந்த சந்தனத்தைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பிறகு தன் அடுப்பிலிருந்த சோற்றை எடுத்துவந்து, சாம்பார் ஊற்றிப் பிசைந்து பெரியம்மாவுக்கு ஊட்டினாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே இருந்தார்கள். நான் நடுவில் போய் வாயைத் திறந்தேன். எனக்கும் ஒரு கவளம் கிடைத்தது. சந்தனத் தலையைத் தடவிப் பார்த்து, "பெரீம்மா, சொரசொரன்னு கீது!" என்று சிரித்தேன்.

அப்பா வீடு பார்ப்பதை விட்டார். அடுத்த மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எனக்குக் கும்மி. அன்றைக்கு அம்மா சீப்பை எடுத்துப் பெரியம்மா கையில் கொடுத்தாள். பெரியம்மா பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடியும் பின்னினாள். "நேரமாவுது பெரீம்மா" என்று நான் குதித்தேன். அம்மா கதவோரம் சாய்ந்து நின்றாள். எப்போதும் அவசரப்படுத்துகிற அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரும் ஏன் இப்படி என்னைத் தாமதம் பண்ணுகிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

சித்தப்பா பிறகு பரீட்சையில் தேறி, இப்போது மதுராந்தகத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். எனக்குக் குழந்தை பிறந்தபோது பார்க்க வந்தவர், அன்று சொல்லாத பதிலைச் சொன்னார். பட்டியல் எழுதிய அன்று, "பாப்பாவ எதுல எழுதட்டும்?" என்று அவர் கேட்டாராம். "என்னுதுல எழுது" என்றாளாம் அம்மா. பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது. அம்மா அவளை ஒரு தடவை பார்த்தாளாம். பிறகு, "வோணாம், எழுதாம வுடு" என்றாளாம்.

அதைக் காதால் கேட்டவள்தான் திருப்போரூருக்குப் பஸ் ஏறினாள். ஸ்டூல் மேல் நின்று அழுத பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

எங்கள் சொந்தக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது சிலர் பெரியம்மா ஜெயித்தாள் என்கிறார்கள், சிலர் அம்மா ஜெயித்தாள் என்கிறார்கள். படிக்கிறவர்களை ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். ஒருத்தியைத் தூக்கி ஒருத்தியை இறக்கிவிடாதீர்கள். இரண்டு பேரும் இப்போது உள்ளே ஒரே அடுப்பில்தான் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.