ஹோட்டல் வாசலில் கழற்றிய தொப்பிகள்

மெல்பேர்னின் மல்கிரேவில் வசிக்கும் எனக்குத் திட்டம் போடாமல் பயணம் போக வராது. பள்ளி விடுமுறையில் கணவரோடும் மகளோடும் கரீபியன் தீவான பார்படோஸுக்குப் புறப்பட்டபோது, குகைக்கு எத்தனை மணி, ஆமைகளோடு நீந்த எத்தனை மணி என்று ஆறு நாளுக்கும் அட்டவணை போட்டேன். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிடாமல் இருக்க, மூவருக்கும் ஒரேமாதிரித் தொப்பிகளும் வாங்கினேன். பச்சையும் பழுப்பும் கலந்த, இராணுவ உடுப்புப் போன்ற துணி.

முதல் நாள் காலை, ஹோட்டல் வாசலில் எங்களைக் கண்டதும் டாக்ஸி டிரைவர் பதறிப்போனார். இராணுவத்தினரைத் தவிர வேறு யாரும் அந்தத் துணி அணிவது அங்கே குற்றமாம். மகள் போனில் தேடிப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் ட்ரூ!" என்றாள். எதிர்ச் சந்தியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. தொப்பிகளைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அறைக்குள் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கணவருக்கோ சிரிப்பு. "சண்டைக் காலத்தில யாழ்ப்பாணத்தில இந்தத் துணியக் கொடியில காயப்போடவே பயந்தனாங்கள். மெல்பேர்னில நீர் காசு குடுத்து வாங்கியிருக்கிறீர்!"

ஆறு நாளும் வெறுந்தலையோடு வெயிலில் சுற்றினோம். பரவாயில்லை, கம்பி எண்ணாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

இப்போதெல்லாம், போகும் நாட்டில் என்னென்ன தடை என்று வாசித்த பிறகுதான் அட்டவணை போடுகிறேன். பெட்டி அடுக்கும்போது ஒவ்வொரு உடுப்பையும் கையிலெடுத்து என்னையே கேட்டுக்கொள்கிறேன்: "இதைப் போட்டுக்கொண்டு அந்த நாளில ஊர் ஆமி செக்பொயின்றைத் தாண்டியிருப்பனோ?"