கையெழுத்தைத் தடவிப் பார்த்த பெண்

மலேசியாவின் ஜார்ஜ்டவுனில், இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. எந்தத் தாளானாலும் முதலில் கையெழுத்தைத்தான் விரலால் தடவுவார்.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த என் பாத்திரக் கண்டெய்னர் துறைமுகத்தில் நின்றது. விலைப்பட்டியல், பெட்டிக் கணக்கு, கப்பல் ரசீது எல்லாவற்றையும் நீட்டினேன். விலைப்பட்டியலில், சரக்கை அனுப்பிய சென்னை முதலாளியின் கையெழுத்தின் மேல் அவர் விரல் நின்றுவிட்டது.

“தம்பி, இந்தக் கையெழுத்தப் போட்டவரு நல்லா இருக்காரா?”

“நேத்துகூட பேசினேனே அக்கா.”

“இப்ப ஒரு போன் போட்டுப் பாருங்க லா.”

சிரித்துக்கொண்டே அழைத்தேன். முதலாளியின் மகன் எடுத்தான். “அப்பா போயி அரை மணி நேரம்தான் ஆகுது. அதுக்குள்ள உங்களுக்கு யாரு சொன்னா?” என்று அழுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா விரலைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எப்படிக்கா தெரிஞ்சது?”

“அந்த எடம் மட்டும் ஐஸ் மாதிரி இருந்துச்சு தம்பி. ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல.”

பத்திரங்களில் குறையில்லை. அன்றைக்கே கண்டெய்னர் வெளியே வந்தது. தீபாவளிக்குள் பாத்திரங்களும் விற்றுத் தீர்ந்தன. எனக்கு மறக்காதது அவர் முகம்தான். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார்.