தொடத் தொடத் தேய்ந்த முகம்

தெருவில் அவரை ஏசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி விற்பவர் இல்லை. மாடி அறையில் மூன்று சர்வர்களை வைத்துக்கொண்டு, கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வலைத்தளம் நடத்த இடம் கொடுப்பவர். அந்த மெஷின்களுக்கு ஏசி ஓயாமல் ஓடும். கீழே அவரும் மனைவியும் விசிறியை நம்பிக் கிடப்பார்கள். "அடுத்த பிறவியிலயாவது உங்க மெஷினாப் பொறக்கணும்" என்பாள் அவள்.

சர்வர் வாங்குவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது என்று பெயர். டிஸ்க் இரட்டையாக இருக்க வேண்டும். ஒன்று போனால் மற்றது தாங்கும். பவர் சப்ளையும் இரட்டை. கை இறுகியது ஒரே இடத்தில்தான். வேலை நடக்கும்போது மட்டும் தகவலைத் தாங்கும் மெமரியில், தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வகை என்று ஒன்று உண்டு, விலை கூடுதல். "நாம என்ன ராக்கெட்டா விடப்போறோம்?" என்று சொல்லிச் சாதாரண மெமரியையே போட்டுக்கொண்டார். புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ!

ஒரு மத்தியானம் தையல்கார அம்மா போன் செய்தார். காய்ச்சலில் போன மகளின் படங்களை இவருடைய சர்வரில் வைத்திருப்பவர். பழைய போன் தண்ணீரில் விழுந்த பிறகு அவை வேறெங்கும் இல்லை.

"தம்பி, பாப்பா படமெல்லாம் கீழேருந்து அழிஞ்சுக்கிட்டே வருது. முதல்ல சட்டை போச்சு. இப்ப வாய் வரைக்கும் வந்துடுச்சு."

திறந்து பார்த்தார். பிள்ளையின் மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். டிஸ்க்குகளில் ஒரு குறையும் இல்லை. பேக்கப்பைத் திறந்தார். கெட்டுப்போனதையே மெஷின் பொறுப்பாக நகல் எடுத்து வைத்திருந்தது. கடைசியில் மெமரியைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. அதில் ஒரு சில்லு அவ்வப்போது தப்பாக நினைவு வைத்திருக்கிறது. ஒரு படத்தை மாற்றிச் சேமிக்கும்போதெல்லாம் அந்த வழியாகப் போய்க் கொஞ்சம் சிதைந்து வந்திருக்கிறது. மற்ற வாடிக்கையாளர்கள் போட்டதைப் போட்டபடி விட்டுவிடுகிறவர்கள். இந்த அம்மாதான் தினமும் படங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்குவார், ஓரம் வெட்டுவார், மறுபடி சேமிப்பார். அதிகம் பிடித்த படம்தான் அதிகம் போயிருந்தது.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் வாயில்லாத பிள்ளை நின்று பார்க்கும். சாப்பிடும்போது மனைவியின் மோவாயையே உற்றுப் பார்ப்பார், சாம்பல் ஏறுகிறதா என்று. "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி பாக்குறீங்க?" என்று அவள் பயந்தே போனாள்.

புது சர்வர் வாங்கப் போனபோது பேரமே பேசவில்லை. பிழை திருத்தும் மெமரிதான் வேண்டும் என்று நின்றார். எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார். பிள்ளையின் படங்களில் முழுதாய்த் தேறியது ஒன்றே ஒன்று. தலையை ஆட்டிச் சிரித்ததில் கலங்கிப்போன படம். அம்மாவுக்குப் பிடிக்காததால் அவர் தொடாமல் விட்டது.

நேரில் போய்ச் சொன்னார். அந்த அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப, நான் தொட்டுத் தொட்டுத்தான் போச்சா?"

"ஐயோ, இல்லம்மா. நான் வாங்கின மெமரியாலதான் போச்சு. உங்க மேல தப்பே இல்ல."

நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அந்த அம்மா திட்டவில்லை.

"புது மெஷின்ல அப்படி ஆகாதும்மா. நீங்க எப்ப வேணா தொறந்து பாருங்க."

அந்த அம்மா இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி. நான் தொடல. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

இப்போது தினமும் காலையில் போன் வருகிறது.

"இருக்காளா?"

ஏசிக்காரர் மாடியேறிப் படத்தைத் திறக்கிறார். மோவாயிலிருந்து நெற்றி வரை நிதானமாகப் பார்க்கிறார்.

"இருக்காம்மா."

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறாம்மா."

போனை வைத்த பிறகு, இன்னொரு தரம் பார்க்கிறார்.