பெயர் போடாத செய்தி

அண்ணனின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்து எங்கள் துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் வணக்கம். இந்த நன்றி அறிவிப்பில் ஒரு வார்த்தை கூட்டி எழுதினாலும் "யாரு பாத்தா?" என்று அண்ணன் கேட்பார். செய்தியோடு யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான்.

நாகப்பட்டினத்தில் பிறந்து, கைக்குழந்தையாய்க் கப்பலேறி வந்தவர், சிகாமட்டில் வளர்ந்தார். அப்பா போனபின் எங்களையெல்லாம் கரைசேர்த்தவர் அவரே. குளுவாங்கில் அரிசிக் கடை வேலை; கூடவே ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபர். கெட்டிக்காரர், முன்கோபி.

ஒருநாள் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கங்காணி அடித்து அவர் கணவர் இறந்துவிட்டார். காய்ச்சல் என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள்.

"எழுதுங்கய்யா. என் பேர மட்டும் போட்டுறாதீங்க. லயத்து வீட்ட விட்டுத் தொரத்திருவாங்க."

"போடமாட்டேம்மா."

சொன்னபடி பெயரைப் போடவில்லை. ஆனால் படிப்பவர் மனம் உருகவேண்டுமே என்று அந்தப் பெண்ணிடமிருந்த ஓர் அடையாளத்தை எழுதினார். படித்து நானும் அழுதேன். அந்த அடையாளம் தோட்டத்தில் ஒருவருக்குத்தானே உண்டு! பத்திரிகை வந்த மறுநாளே அவரை விரட்டிவிட்டார்கள்.

"இதுக்குப் பேரையே போட்டிருக்கலாம் லா" என்றார், விஷயத்தை வந்து சொன்ன தோட்டத்துக் கடைக்காரர்.

அந்தப் பெண் எங்கே போனாரென்று எவருக்கும் தெரியவில்லை. கங்காணிமேல் விசாரணை வந்தது. ஊர் அண்ணனைப் பாராட்டியது. பாராட்டு காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுவார்.

அதன்பின் அவர் எழுத்தில் உப்புச் சப்பில்லை. எவர் முகமும் இல்லை. ரயில் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் நின்று, இறங்கும் பெண்களைப் பார்ப்பார்.

"வேணாண்ணே, ஊரு தப்பாப் பேசுது."

"பேசிட்டுப் போகட்டும். நான் எழுதினத விடவா?"

கடைசிக் காய்ச்சலில் கதவையே பார்த்துக் கிடந்தார். "அங்க நிக்கிறாங்க பாரு, உள்ள கூப்பிடு" என்பார். அங்கே யாருமில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, மனசும் தாங்கவில்லை. "அவங்க சிம்பாங் ரெங்கத்துல நல்லா இருக்காங்களாம்ணே" என்று சொல்லிவிட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு பாத்தா?"

அண்ணன் பேசிய கடைசிப் பேச்சு அது.

மருந்து கொடுத்த டிரெஸ்ஸர் ஐயாவுக்கும், சவப்பெட்டி சுமந்த கடைத்தெரு நண்பர்களுக்கும், கூட இருந்து ஜெபம் சொன்ன பெண்களுக்கும் எங்கள் நன்றி. அந்தப் பெண்ணை எங்கேனும் கண்டால் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்க ஆசைதான். கேட்டால் அடையாளம் சொல்லவேண்டும். அதை மறுபடி அச்சில் போட எனக்குக் கை வரவில்லை.

— தங்கை, குளுவாங்