நீலக் கயிறு

ஷார்ஜாவில் பெட்டி கட்டுவதற்காக நைலான் கயிறு வாங்கி வந்தேன். பிரித்ததும் சின்ன வயதில் முகர்ந்த அதே பிளாஸ்டிக் வாடை. குடும்பத்தோடு சொந்த ஊரான நகரிக்கே போய்விடலாமா என்று மாதக்கணக்கில் பேசி நானும் மனைவியும் களைத்துப்போயிருந்தோம்.

நகரியில் என் சின்ன வயதில், நைனா குவைத்திலிருந்து வந்த மறுநாளே, அவர் பெட்டியைக் கட்டியிருந்த நீலக் கயிற்றை அம்மா துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிடுவாள்.

"இனிமே போமாட்டேன்மே" என்பார் நைனா. இரண்டு மாதம் தறி ஓட்டுவார். பிறகு ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது ஈரத்துணியெல்லாம் மதில்மேல் கிடக்கும். கொடி மறுபடி பெட்டிக்குப் போயிருக்கும்.

ஒருமுறை அம்மா அந்தக் கயிற்றை அரிவாள்மணையில் துண்டு துண்டாக அறுத்துப் போட்டாள். நைனா சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்தார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க" என்றாள் மனைவி, பெட்டியை அழுத்திப் பிடித்தபடி. "ஒரேயடியா போறமா, பாத்துட்டு வர்றமா?"

நான் முடிச்சுப் போட்டேன். மிச்சத்தை வெட்ட அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அறுக்காத" என்றேன். "அங்க கொடி கட்ட ஆவும்."