கீழாநெல்லிச் சாறும் அண்ணனின் மாத்திரையும்

அண்ணனின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதையும், அதற்குத் தினமும் மாத்திரை சாப்பிடுவதையும் அண்ணிதான் போனில் சொன்னாள். அண்ணன் என்னோடு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் நிலத்தில் பெண்ணுக்கும் பங்குண்டு என்று சட்டம் வந்ததும் நான் கேட்டேன். ஏன் கேட்கக் கூடாது? பங்கு கிடைத்தது, அண்ணனின் உறவு போனது. தஞ்சாவூரில் ஒற்றை அறை, ஆய்வுக்கூடம், மறுபடி ஒற்றை அறை என்று தனியாகவே காலம் ஓடியது.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, மூலிகைச் சாறுகளை அந்த வைரஸோடு மோதவிட்டுப் பார்ப்பது. வைரஸ் தன்னைப் படியெடுக்க ஒரு நொதி வேண்டும். சாற்றிலுள்ள ஏதோ ஒரு மூலக்கூறு அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டால் வைரஸ் பெருகாது. கீழாநெல்லி அதைச் செய்யும் என்று எனக்கு ஆசை. அதுவும் கீழ்வேளூரில் எங்கள் வரப்பில் முளைத்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அண்ணி பை நிறையப் பிடுங்கி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள்.

வைரஸ் தொற்றிய ஈரல் செல்களை வளர்த்த தட்டில், சாறு விட்ட சில நாளில் வைரஸே இல்லை! நோயில்லாத செல்களிலும் அதே சாற்றை விட்டுச் சரிபார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். எனக்குப் பொறுமை ஏது? உடனே போன் போட்டேன். அண்ணனே எடுத்தான், விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப மாத்திரைய நிறுத்திட்டு இதையே சாப்பிடலாமா?"

அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தில், "சாப்பிடலாம்ண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுவாரம் பார்த்தால் நோயில்லாத செல்களும் செத்துக் கிடந்தன. செல்லே செத்தால் வைரஸ் எங்கே பெருகும்? அண்ணியைக் கேட்டேன். செடி பிடுங்குவதற்கு முதல் நாள் நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்தார்களாம், வரப்பிலும் விழுந்திருக்கிறது. விவசாயி வீட்டில் பிறந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை! எங்கள் வரப்பு என்ற நம்பிக்கையில் இரண்டு தண்ணீரில் அலசியதோடு விட்டிருந்தேன்.

அந்தச் சாறு வேண்டாம், மாத்திரையை நிறுத்தாதே என்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

"கீழாநெல்லியில நல்லாத்தான் இருக்கேன். நான் கொணமானா ஒனக்குப் பொறுக்காதா? பங்கு வாங்குனது பத்தலையா?" என்று போனை வைத்துவிட்டான். உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அண்ணி கூப்பிட்டாள். "கவலப்படாதீங்க. கொல்லையில மருந்து படாத செடியத்தான் இப்ப மோர்ல அரைச்சுக் குடுக்குறேன். அதுலயே மாத்திரையையும் பொடிச்சுப் போட்டுடறேன். அவருக்குத் தெரிய வேணாம்."

ஆறு மாதத்தில் வைரஸ் நன்றாகக் குறைந்துவிட்டதாக ரிப்போர்ட் வந்தது. கீழாநெல்லிதான் காப்பாற்றியது, கூடப்பிறந்தவள் அதையும் தடுக்கப் பார்த்தாள் என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்கிறானாம். சொல்லட்டும். உண்மை தெரிந்தால் அந்த மோரையும் நிறுத்திவிடுவான். நான் போன் போடுவதில்லை.