ஓர் ஆந்தைக்காக நின்ற இரண்டு கம்ப்ரசர்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பிறகு தேனியில் மோட்டார் பட்டறை போட்டேன். தேவாரம் ஊர் மலையடிவாரத்தில் பாறையை உடைத்து நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு ஆக்கினேன். கைதூக்கிவிட ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் தோட்டங்களில் போர் தண்ணீர் ஏற்ற ஓடும் கம்ப்ரசர் மோட்டார்களில் பாதி நான் மாட்டியது. இப்போது அறுபத்தெட்டு வயது, முட்டி இரண்டும் போய்விட்டன. அப்படியும் போன சனிக்கிழமை ஆந்தைக் குரல் பதிவு செய்யப் போய்வந்தேன்.

மாலை ஐந்துக்குத் தேனியில் கிளம்பினோம். ஜீப் என்னுடையது. உடன் வந்தவர் ஸ்டெல்லா டீச்சர், கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறார். காட்டுக்குள் நுழைய அவருக்குக் கிடைத்த அனுமதி அன்றிரவோடு முடிகிறது. என் தோப்புக்குப் போடி வழியாக முப்பது கிலோமீட்டர்தான். போடியில் பதினைந்து ரூபாய் டீ குடித்தும் எனக்கு அசதி தீரவில்லை.

எட்டு மணிக்கு, தோப்பைத் தாண்டி காட்டு ஓடைக்கரையில் மைக்கை ஊன்றினார். ஒன்பதுக்கு ஆந்தை கூப்பிட்டது. டீச்சர் முகம் வாடிவிட்டது. ஹெட்போனை என் காதில் மாட்டினார். ஆந்தைக் குரலுக்கு மேலே தடதடவென்று இரண்டு கம்ப்ரசர். எங்கள் பக்கம் விவசாயத்துக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரியில்தான் வரும். அப்போது ஓட்டினால்தான் தண்ணீர்.

"இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுங்கய்யா."

ஒன்று என்னுடையது. போய் அணைத்தேன். மற்றது பக்கத்துத் தோட்டத்துச் சங்கிலியுடையது. வரப்புத் தகராறில் அவனோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. நொண்டிக்கொண்டே போனேன். கயிற்றுக் கட்டிலில் கிடந்தான்.

"என்ன முதலாளி, இங்கன வழி தெரிஞ்சிருச்சா?"

"ஏலே சங்கிலி, மோட்டார ஒரு மணி நேரம் நிறுத்து. டீச்சர் வந்திருக்காக, ஆந்தைச் சத்தம் பிடிக்கணுமாம்."

"அது கத்துனா எழவு விழும்னு ஊரே கல்லெறியுது. நீங்க அதுக்குக் காவலா? என் வாழை காயுது."

"நாளைக்கு என் போர் தண்ணி பூராம் உனக்கு."

எழுந்து உட்கார்ந்தான். "பூராமா? அப்ப வரப்பு?"

"அத வேற நாள் பேசுவோம்."

"நீங்க வாயத் தொறந்து கேட்டதுக்காக நிறுத்துறேன். ஆந்தைக்காக இல்ல," என்று சுவிட்சை அணைத்தான்.

அந்த அடிவாரம் அவ்வளவு அமைதியாகி நான் கண்டதில்லை. ஆந்தை கூப்பிட்டது. மலைமேலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. இருமல் வெளியே வராமல் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு பாறையில் சாய்ந்து கிடந்தேன்.

திரும்பும்போது, பதிவில் என் பெயர் வருமா என்று டீச்சரிடம் கேட்டேன். பறவைக் குரல்களைச் சேர்த்துவைக்கும் இடத்தில் பதிவோடு இடம், நேரம், மைக்கின் பெயர், பதிவு செய்தவர் பெயர் எல்லாம் போடுவார்களாம். என் பெயருக்கு அங்கே இடமில்லையாம்.

எப்படி இல்லாமல் போகும்? அந்தப் பதிவில் ஆந்தை கூப்பிடும். அடுத்தது பதில் சொல்லும்வரை ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமில்லாததை நான் கொடுத்தேன், சங்கிலியும் கொடுத்தான். மைக்குக்குப் பெயர் போடுகிற இடத்தில் எங்களுக்கும் போடுங்கள், டீச்சர். என் பெயர் முதலில் வர வேண்டும்.